காமிராவும் தோள்வாரும்

"வாரைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று இதழாசிரியர் புருவத்தை உயர்த்தினார். காமிராவைப் பற்றி எழுதலாம். படமெடுக்கும் கலையைப் பற்றி எழுதலாம். காமிராவைத் தோளில் மாட்டும் வாரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். சென்ற ஆவணி வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஸ்ரீவராகத்துக் குளத்தின் கற்படிகள் என் எண்ணத்தை மாற்றிவிட்டன.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மன்றத்தின் காமிரா, உறுப்பினர்கள் இரண்டாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியது என்பது நண்பர்களுக்குத் தெரியும். கேனான் 1500டி, உடன் வந்த 18-55 லென்ஸ். கோட்டைப் பகுதியிலும் ஸ்ரீவராகத்திலும் எஞ்சி நிற்கும் பழைய திண்ணை வீடுகளைப் படமெடுத்து ஒரு தொகுப்பாக்க வேண்டுமென்று மன்றக் கூட்டத்தில் முடிவாயிற்று. நான் ஸ்ரீவராகத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன். ஆகவே காமிரா என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வராகமூர்த்தி கோயிலை ஒட்டிப் பரந்து கிடக்கும் குளத்தின் படிகளில் நின்றேன். வலத்தோளில் காமிரா தொங்கிக்கொண்டிருந்தது. அக்கரையின் நிழல் நீரில் எப்படி விழுகிறது என்று பார்க்கச் சற்றே குனிந்தேன். 'சர்' என்று ஓர் ஓசை. தோளில் பாரம் இல்லை! காமிரா இரண்டு படிகள் உருண்டு மூன்றாவது படியில் கிடந்தது. நீரில் விழவில்லை என்பதொன்றே ஆறுதல். லென்ஸின் முன்வளையம் நெளிந்து, குவியம் திருப்பும் பகுதி இறுகிவிட்டது. பழுது பார்க்க 5,200 ரூபாயும் ஐந்து வாரங்களும் ஆயின. ரூபாயை மீண்டும் சேர்த்துவிடலாம். ஆனால் அந்த ஐந்து வாரங்களுக்குள், முதலில் படமெடுக்க வேண்டியது என்று நாங்கள் குறித்து வைத்திருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். மரத்தூண்களும், அழிபோட்ட முகப்பும், இருபுறமும் நீண்ட திண்ணையுமாக இருந்த வீடு. நான் திரும்பப் போனபோது அங்கே செங்கல் குவியலும் ஒரு லாரியும் நின்றன.

"வார் அறுந்துவிட்டது" என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மன்றச் செயலாளரிடமும் அதையே சொன்னேன். பிறகு வேறு வார் வாங்குவதற்காகச் சாலைக் கடைத்தெருவில் பை தைக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் பழையதை எடுத்துப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்தவர். வாரின் இரு முனைகளையும் விரலால் நீவிப் பார்த்தார்.

"தம்பி, இது எங்க அத்திருக்கு? வாரு முழுசா இருக்குல்லா. நீங்க மாட்டுன மாட்டுதான் சரியில்ல."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது முற்றும் உண்மை. வார் அறவில்லை, கழன்றுவிட்டது. இக்கட்டுரை பிறந்தது அந்தக் கடையில்தான்.

பள்ளிக்கூடப் பையின் வாரை நீட்டவும் குறுக்கவும் ஒரு சிறு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நடுவே ஒரு குறுக்குக் கம்பி. அதன் இருபுறமும் ஒவ்வொரு துளை. காமிரா வாரின் இரு முனைகளிலும் அதே வளையந்தான் இருக்கிறது. பூட்டு இல்லை, திருகு இல்லை, பல் இல்லை. நாடா ஒரு துளை வழியாக ஏறி, நடுக்கம்பியின் மேல் மடிந்து, மறு துளை வழியாக இறங்குகிறது. மடிப்புகளில் எழும் உராய்வே பூட்டு. பாரம் இழுக்க இழுக்க நாடா கம்பியை அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட உராய்வும் கூடுகிறது. கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே முரட்டு மாட்டைப் பிடித்து நிறுத்திவிடலாமல்லவா? அதே தத்துவம்.

இத்தகைய பூட்டில் ஓர் ஆபத்து உண்டு. பாரம் இடைவிடாமல் இழுக்கும்வரை அது கெட்டியாக நிற்கும். நாம் நடக்கும்போதோ, காமிரா ஒவ்வோர் அடிக்கும் சற்றே எழும்பி விழுகிறது. எழும்பும் கணத்தில் நாடா தளர்கிறது. விழும் கணத்தில் இறுகுகிறது. அந்தத் தளர்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் நடுவே மயிரிழை மயிரிழையாக முனை நழுவுகிறது. நான் வாரை மாட்டியபோது வளையத்துக்கு அப்பால் ஒரு விரற்கடை நாடாதான் மிச்சம் விட்டிருந்தேன். அழகாக இருக்கட்டுமென்று! மூன்று மாதம் நடந்ததில் அந்த விரற்கடை தீர்ந்துபோயிற்று. அண்ணாச்சி கண்டது இதைத்தான்.

முறையாக மாட்டுவது எப்படி? நாடாவின் முனையைக் காமிராவின் காதுக்குள் நுழைத்துத் திருப்புங்கள். (காமிராவின் இரு புறமும் வார் மாட்டுவதற்கென்று உள்ள துளைகளைக் காது என்றே சொல்கிறேன், வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.) பிறகு வளையத்தின் இரு துளைகளிலும் முனையைக் கோத்து வாங்கி, குறைந்தது 5 சென்டிமீட்டர் மிச்சம் விடுங்கள். அந்த மிச்சம் வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிராமல், இரண்டு நாடாக்களுக்கும் இடையே உட்புறமாகப் படுத்திருக்கும்படி கோப்பது மிகவும் நல்லது. செய்தித்தாள்களுக்குப் படம் எடுப்பவர்கள் பலரின் வார் இப்படித்தான் மாட்டப்பட்டிருக்கும். முதல் முறை செய்யும்போது விரல் நோகும். நோகட்டும். உள்ளே படுத்த முனை எதிலும் சிக்காது. பாரம் விழும்போது மேல் நாடாவே அதை அமுக்கிப் பிடிக்கும்.

அண்ணாச்சி எனக்கு ஒரு தந்திரமும் சொல்லிக்கொடுத்தார். வளையத்தை விட்டு நாடா வெளிவரும் இடத்தில் வெள்ளை நூலால் ஒரே ஒரு தையல் போட்டுவிட வேண்டும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். தையல் வளையத்துக்குள் புகுந்திருந்தால் முனை நழுவுகிறது என்று பொருள். அமெரிக்காவில் பீக் டிசைன் என்னும் நிறுவனத்தார் தங்கள் வாரின் இணைப்புக் கயிற்றைக் கறுப்பு மேல்நூலும் உள்ளே வேறு நிறமுமாகச் செய்கிறார்கள். கறுப்பு தேய்ந்து உள்நிறம் தெரிந்தால் மாற்று என்று பொருள். சாலைத் தெருவின் வெள்ளை நூலும் அந்தக் கயிறும் ஒரே குருகுலத்தில் படித்தவை போலும்!

காதுகளிலும் இரண்டு இனம் உண்டு. நம் மன்றத்துக் காமிரா போன்றவற்றில் நாடா நேரே நுழையும் தட்டைத் துளை. லைக்கா, ஃபூஜி முதலியவற்றில் சிறு வட்டத் துளை; அதில் சாவிக்கொத்து வளையம் போன்ற ஒன்றை முதலில் மாட்டி, அவ்வளையத்தில்தான் வாரைக் கோக்க வேண்டும். எஃகு வளையம் ஆண்டுக்கணக்கில் உரசினால் காதின் உலோகமே பள்ளம் விழுந்து தேய்ந்துபோகும். பழைய காமிராவை இரண்டாங்கையாக வாங்குகிற நண்பர்கள் லென்ஸைப் பார்ப்பதற்கு முன் காதைப் பாருங்கள். சங்குமுகம் கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் வளையத்தில் துரு ஏறியிருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்று எஃகை விட்டுவைப்பதில்லை.

ஒருவகையில் பார்த்தால் தோள்வாரின் சரித்திரமே காமிரா சிறுத்த சரித்திரம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராயிருந்த சகரியா டி குரூஸ் இவ்வூரின் கோட்டையையும் தெருக்களையும் படமெடுத்தபோது, பாரத்தைத் தாங்கியது முக்காலி. தோளில் மாட்டுவது என்ற பேச்சே கிடையாது. 1925-இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் லைக்கா வெளிவந்து, காமிரா கையளவாகச் சுருங்கிற்று. முதலில் வந்த லைக்காக்களுக்குக் காதே இல்லை. தோலுறையில்தான் வார் இருந்தது. 1933-இல் வந்த மூன்றாம் லைக்காவில்தான் உடம்பிலேயே காது முளைத்தது. பின்னாளில் திருவனந்தபுரத்தில் 1959-இல் ஸ்டூடியோ தொடங்கிக் கேரளத்தின் செய்திப் படங்களுக்கு முன்னோடியாக விளங்கி, 2021-இல் மறைந்த சிவன் போன்றோர் காலத்தில் புகைப்படக்காரர் என்றாலே மார்பில் காமிரா தொங்குபவர் என்றாகிவிட்டது.

இனி, சுகத்தைப் பற்றி. கிராமத்துப் பெண்கள் தலையில் குடமோ விறகோ வைக்குமுன் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள். பாரம் குறைவதில்லை, ஆனால் பாரம் உட்காரும் பரப்பு கூடுகிறது. அகலமான வாரின் வேலையும் அதுவே. கணக்கிட்டுப் பார்ப்போம். நிகான் டி850 உடம்பு சுமார் 1 கிலோ. அதற்குரிய 70-200 பெரிய லென்ஸ் சுமார் 1.4 கிலோ; ஆக 2.4 கிலோ. தோளில் வார் படியும் நீளம் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வாரின் அகலம் 1 சென்டிமீட்டரானால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 240 கிராம் அழுத்தும். அகலம் 4 சென்டிமீட்டரானால் அது 60 கிராமாகக் குறையும். நம் மன்றக் காமிராவோ லென்ஸோடு 700 கிராமைத் தாண்டாது. அதற்கு 3 சென்டிமீட்டர் அகலமே தாராளம். அகலம் அதிகமானால் நல்லதுதானே என்று 6 சென்டிமீட்டர் மெத்தையை வாங்கி மாட்டிக்கொண்டு, அதைப் பைக்குள் மடித்து வைக்க இடமில்லாமல் திண்டாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பொருளில் செய்த வார் நல்லது? கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நைலான், நியோப்ரீன், பருத்தி, தோல் என்ற நான்கே. நியோப்ரீன் என்பது கடலில் மூழ்குவோர் அணியும் உடைக்குரிய ரப்பர். 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் கரோதர்ஸ் என்னும் வேதியியலாரின் குழுவில் பிறந்தது. 1935-இல் நைலானும் அவர் குழுவிலேயே பிறந்தது. கடையில் மாட்டிப் பார்க்கும்போது நியோப்ரீன் வார் மந்திரம் போட்டதுபோல் இருக்கும். பாரம் பாதியாகிவிட்டதாகத் தோன்றும். பாதியாகவில்லை, இழுபடும் தன்மையால் ஒவ்வோர் அடியிலும் விழும் இடி மழுங்குகிறது, அவ்வளவே. அதற்குரிய விலையும் உண்டு: காமிரா ஊஞ்சலாடும்; விரைந்து நடந்தால் இடுப்பில் வந்து இடிக்கும். திருவனந்தபுரத்து வெயிலிலும் ஈரக்காற்றிலும் அதன் அடியில் தேங்கும் வியர்வையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

வெறும் நைலான் நாடா மிக வலுவானது, விலையும் குறைவு. ஆனால் வழுக்கும். சட்டையின் தோள்பட்டையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். பருத்தி நழுவாது, வியர்வையை உறிஞ்சும், துவைத்துக்கொள்ளலாம். இரண்டு மழைக்காலங்களும் கண்ட இவ்வூரில் நனைந்தால் காய நாளாகும். என்னைக் கேட்டால், உட்புறம் சொரசொரப்பான பருத்தியோ மெல்லிய ரப்பர்க் கோடுகளோ தைத்த நைலான் நாடாதான் மாணவனுக்கு ஏற்றது.

தோலை விரும்புவோர்க்கு ஒரு சொல். தோல் வாரின் அழகும், பழகப் பழகத் தோளுக்குப் படியும் மென்மையும் வேறெதற்கும் வாரா. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் பழைய முறை ஒன்று உண்டு. கிழக்கிந்தியத் தோல் என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது அது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள் நம்மவருடையவை. சென்னையில் 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆதலின் தோல் வாரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எனினும் எடவப்பாதி மழையில் அலமாரிக்குள் வைத்த தோல் வார் நான்கே நாளில் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். வாரத்துக்கொரு முறை துடைத்துக் காற்றாட விடும் பொறுமை உள்ளவர்களே அதை வாங்க வேண்டும். அன்றியும், பல தோல் வார்களில் தையல்தான் முதலில் தளர்கிறது. தோலைப் பார்த்து மயங்காமல் தையலைப் பாருங்கள்.

எப்படி மாட்டிக்கொள்வது என்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறோம். கழுத்தில் தொங்கவிடுவதே வழக்கமாகிவிட்டது. மனிதனின் தலை 4.5 முதல் 5 கிலோ வரை எடையுள்ளது. கழுத்துத் தசைகள் பாவம், நாள் முழுவதும் அதைச் சுமக்கின்றன. அதன் மேல் காமிராவையும் முன்புறமாகத் தொங்கவிட்டால் பிடரி வலிக்காமல் என்ன செய்யும்? ஒரு தோளில் மட்டும் மாட்டுவது இன்னும் மோசம், குனிந்தால் நழுவும். நழுவாதிருக்க நாம் அறியாமலே அந்தத் தோளைத் தூக்கிக்கொண்டு நடப்போம். மாலையில் காதுவரை வலி ஏறும்.

நல்ல ஆசிரியர் வேண்டுமானால் நம் பஸ் கண்டக்டரைப் பாருங்கள். சில்லறை நிறைந்த பையோடு, ஓடும் வண்டியில், நாள் முழுவதும் நின்றே வேலை செய்கிறவர். அவர் பையின் வார் கழுத்தில் தொங்குவதில்லை. ஒரு தோளில் ஏறி, மார்பையும் முதுகையும் குறுக்கே கடந்து, மறுபக்க விலாவில் பையை நிறுத்துகிறது. பை தாழத் தொங்குவதுமில்லை. கை எட்டும் உயரத்தில் உடம்போடு ஒட்டி நிற்கிறது. காமிராவையும் இப்படிப் பூணூல் போலக் குறுக்கே மாட்டிக்கொண்டால், குனிந்தாலும் ஓடினாலும் தோளைவிட்டு நழுவ வழியில்லை. நீளம் எவ்வளவு? காமிரா இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். வாரைக் கழற்றாமலே கண்ணுக்கு உயர்த்தவும் முடியவேண்டும். ஐந்தடி ஏழங்குல உயரமுள்ள எனக்கு 140 சென்டிமீட்டர் சரியாக இருக்கிறது. கடையில் வாங்கும் பல வார்கள் இதைவிடக் குட்டை. அவை கழுத்துக்கென்றே வெட்டப்பட்டவை. நாடாவை அளக்காமல் வாங்காதீர்கள்.

காமிராவின் அடியில் முக்காலி மாட்டும் திருகுத்துளை இருக்கிறதே, அதில் ஒரு திருகைப் பொருத்தித் தலைகீழாகத் தொங்கவிடும் வார்களும் இப்போது பல. கால் அங்குலத் திருகு. அங்குலத்துக்கு 20 புரி. காமிரா வாரின் மேல் வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு வரும். வார் தோளைவிட்டு அசையாது. விரைந்து படமெடுக்க இதைவிட வசதியானது இல்லை. ஆனால் நடக்கும் அதிர்வில் திருகு மெல்ல மெல்லக் கழலக்கூடும். படமெடுக்கக் கிளம்பும்போதும் நடுவிலும் விரலால் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதும், காமிராவின் காதிலிருந்து வாருக்கு ஒரு சிறு துணைக்கயிறு கட்டுவதும் கட்டாயம். பெரிய லென்ஸில் அதற்கென்றே கழுத்துப்பட்டை போன்ற பிடி இருந்தால் திருகை அதில் மாட்டுங்கள். காமிராவில் மாட்டினால் லென்ஸின் முழு எடையும் இரண்டும் சேரும் வாயில் விழும்.

இவ்வூரில் வாரின் வலிமைக்கு உண்மையான பரீட்சை கும்ப மாதத்தில் நடக்கிறது. ஆற்றுக்கால் பொங்காலை நாளில் மணக்காட்டிலிருந்து ஸ்ரீவராகம் வரை தெருவெல்லாம் அடுப்பு. 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு உண்டு. மும்மூன்று செங்கல் வைத்த அடுப்புகளுக்கிடையே ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சும். அங்கே கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டுக் குனிபவன், பொங்கிவரும் பானையில் முட்டாமல் திரும்பினால் அதிசயம். வாரை ஒட்ட இழுத்துச் சுருக்கி, காமிராவை அக்குளுக்குக் கீழே அடக்கிக்கொள்ள வேண்டும். நைலான் சுமார் 220 டிகிரியில் உருகிவிடும். தணலில் பட்ட நாடாவின் ஒரு பக்கம் கண்ணாடிபோல் இறுகியிருந்தால் அந்த வாரைக் கழித்துவிடுங்கள். (பொங்கலிடும் பெண்களிடம் கேட்ட பிறகே படம் எடுக்க வேண்டும் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.) ஆராட்டு வேறு விதம். ஆண்டுக்கு இரு முறை, விமானங்களை நிறுத்திவிட்டு, ஓடுபாதையைக் கடந்து பத்மநாபசுவாமி சங்குமுகத்துக்கு எழுந்தருளும்போது உடன் நடப்பவர்க்கு வேண்டியது வலிமையைவிடச் சுகமே.

கூட்டத்தில் திருட்டுப் பயம் உண்டு. அதற்காக வாருக்குள் எஃகுக் கம்பி வைத்து விற்கிறார்கள். கத்தியால் அறுக்க முடியாதாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மோட்டார் சைக்கிளில் வருகிறவன் பிடித்து இழுத்தால் அறுபடாத வார் காமிராவோடு நம்மையும் சேர்த்து இழுத்துப் போகும். கிழக்கேகோட்டையிலிருந்து காரியவட்டம் செல்லும் பஸ்ஸில் இறங்கும்போதும் இதே ஆபத்துத்தான்: குறுக்கே மாட்டிய வார் கைப்பிடிக் கம்பியில் சிக்கினால் வண்டி நகர்ந்துவிடும். பஸ்ஸில் ஏறுமுன் கழற்றிப் பைக்குள் வையுங்கள். காமிராவோடு இலவசமாக வரும் வாரில் கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில் பளிச்சிடுகிறதே, அதைத் திருப்பி மாட்டினால் திருடனுக்கு நாமே விளம்பரம் செய்த பாவம் நீங்கும்.

வாங்கிய வாரைச் சோதிப்பது எளிது. காமிரா 30 சென்டிமீட்டர் விழுந்து, வார் 3 சென்டிமீட்டர் இழுபட்டு அதை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரின் மேல் சராசரியாகக் காமிராவைப் போல் 11 மடங்கு பாரம் விழும். 700 கிராம் காமிரா ஏறத்தாழ 8 கிலோவாகிவிடும். உச்ச இழுப்பு அதன் இருமடங்கை எட்டலாம். ஆகவே நான் காமிராவைக் கழற்றி வைத்துவிட்டு, வாரின் இரு முனைகளையும் ஓர் இரும்பு வளையத்தில் முறைப்படி கோத்து, 10 கிலோ அரிசிப் பையும் 5 கிலோப் பையும் சேர்த்து ஜன்னல் கம்பியில் ஓர் இரவு தொங்கவிட்டேன். அறை நண்பர் காலையில் எழுந்து, "என்ன அண்ணே, அரிசிக்குத் தூக்குத் தண்டனையா?" என்று கேட்டார். வெள்ளை நூல் தையல் இருந்த இடத்திலேயே இருந்தது.

காமிரா இப்போது திரும்ப வந்துவிட்டது. செயலாளரிடம் உண்மையையும் சொல்லிவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. அண்ணாச்சி 180 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்த பருத்தி உள்தையல் போட்ட நைலான் வார் அதில் கிடக்கிறது. திண்ணை வீடுகளில் இன்னும் 11 பாக்கி. அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளத்தின் படியருகே புறப்படுகிறோம். வர விரும்புவோர் வரலாம். காமிராவைக் கையில் வாங்குமுன் வாரைக் கழற்றி, என் கண்முன்னே மறுபடியும் மாட்டிக் காட்ட வேண்டும்.